அம்மா சணல் சுற்றிய ஷாக் அப்சார்பர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எதைப் பேச ஆரம்பித்தாலும் அந்தக் காலத்தில் இதைத்தான் முதலில் சொல்வேன். பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். (அவர் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்.)

எம். புதுப்பட்டியில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் ஒரே பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுவதில் அம்மாவின் கைவேகத்துக்கு அங்கே ஜோடி கிடையாது. நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் ஊர் பஸ்ஸுக்கும் என் முதல் பீரியடுக்கும் ஒத்தே வராது. வருகைப்பதிவு குறைந்துகொண்டே போய், இனியும் தாமதமாக வந்தால் பரீட்சை எழுத முடியாது என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்கு ஒரு மலைச் சைக்கிள் அனுப்பினார். சட்டத்தின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு ஓர் உருளை. அதுதான் பின்சக்கரத்துக்கான ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் கிடையாது, உள்ளே வெறும் காற்றுதான். சூலக்கரைப் பக்கம் பொட்டலில் நடக்கப்போகும் கல்லூரிப் பெண்கள் சைக்கிள் போட்டியில் அதை ஓட்டி முதலிடம் வாங்குகிறவள், படிப்பு முடியும்வரை அதை வைத்துக்கொள்ளலாம் என்றார் விளையாட்டு ஆசிரியர் பி.டி. சார். ஏறிப் பார்த்த மற்றவர்கள், உட்கார்ந்தால் அமுங்கி அமுங்கி எழுகிறது என்று இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. அது என் முதல் பீரியட்.

பழகிக்கொள்ள சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை, கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டை விரித்து அப்பா அம்மாவை எதிரே உட்காரவைத்தேன். அதில் எச்சரிக்கைப் பக்கம் ஒன்று இருந்தது. உயர் அழுத்தம், கவனமாகக் கையாளவும் என்கிற அளவில் நாலு வரி. நான் அதை அரைமணி நேரம் மொழிபெயர்த்தேன். லாரி டயரைவிட அதிகக் காற்று என்றேன். வெயில் பட்டால் என்ன ஆகும் தெரியுமா என்றேன். (கையேட்டில் வெயிலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.) அப்பா தன் கயிற்றுக்கட்டிலைச் சைக்கிளிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு பம்பை மாட்டி உருளைக்குக் காற்றடித்துக் காட்டினேன். அம்மா அதை மட்டும் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார். என் ஆங்கிலத்தில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் பின்பக்கம் எருமை படுத்ததுபோல் அமுங்கிக் கிடந்தது. அதற்கென்று கொடுத்த பம்பால் அடித்தேன், எழுந்தது. அடுத்த நாளும் அதே கதை. பி.டி. சார் உருளையைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. நான் விடவில்லை. உள்ளே காற்றை அடைத்து வைக்கும் சீல் மோசமானது என்று அவருக்கு ஆங்கிலத்திலேயே இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

போட்டி நாள். வீட்டிலேயே காற்றை நிறைத்து, பம்பையும் வீட்டிலேயே வைத்துவிட்டு (கெட்டிக்காரி), தெரிந்தவர் வேனில் சைக்கிளோடு மூவரும் போய் இறங்கினோம். நான் நம்பர் அட்டை வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் எருமை மறுபடியும் படுத்திருந்தது.

அத்தனை கல்லூரிக்காரர்களும் கேட்கும்படி சீலைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், கடிதம் எழுதியும் கவனிக்காத பி.டி. சாரைக் கிட்டத்தட்டத் திட்டினேன். அவர் தலைகுனிந்து நின்றார்.

"எதுக்குத் தாயி இம்புட்டு கத்துற?" என்றார் அம்மா. "நாந்தேன் காத்தப் புடுங்கிவிட்டேன்."

நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

"தினமுமா?"

"ஆமா. கலந்த மருந்த மிச்சம் வைக்கலாமா? பொழுது சாய அழிச்சிட்டுத்தான வீட்டுக்கு வருவோம். வெயில்ல நின்னா என்ன ஆகும்னு நீதான சொன்ன? இங்கன எம்புட்டு வெயிலு."

கம்பெனியில் கலந்த வெடிமருந்து மீந்தால் அன்றைக்கே அழித்துவிடுவார்கள். அந்த விதியை அம்மா என் சைக்கிளுக்கும் பதினைந்து நாளாக ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார். பி.டி. சார் என் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மடிப்பு கலையாமல் என்னிடமே நீட்டினார். பக்கத்துக் கல்லூரிப் பெண்கள் சிரித்த சிரிப்பு அருப்புக்கோட்டைவரை கேட்டிருக்கும்.

பம்ப் இல்லை. கொடி அசைக்கப் பத்து நிமிடம் இருந்தது. என் முதல் பீரியட் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. நான் அழத் தொடங்கினேன்.

அம்மா அழுகையைப் பார்க்கவில்லை, உருளையைத்தான் பார்த்தார். "அமுங்காம நிக்கணும், அம்புட்டுத்தான?" என்று கேட்டுவிட்டு, அப்பாவிடம் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கச் சொன்னார். உருளைக்குள்ளிருந்து வழவழப்பான தண்டு வெளியே வந்தது. பொட்டலைச் சுற்றிச் சீமைக்கருவேலத்துக்கா பஞ்சம்? காய்ந்த குச்சிகளைத் தண்டின் நீளத்துக்கு ஒடித்து, தண்டு மறுபடி உள்ளே இறங்காதபடி சுற்றிலும் நெருக்கமாக என்னை அடுக்கச் சொன்னார். பிறகு சாப்பாட்டுப் பையைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்துச் சுற்ற ஆரம்பித்தார். விரல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சுற்றி முடித்தபோது அது ஷாக் அப்சார்பராக இல்லை. பெரிய சைஸ் அணுகுண்டாக இருந்தது. திரி ஒன்றுதான் குறை.

"சார், கோவிச்சுக்கிடாதீக," என்றார் பி.டி. சாரிடம். "இப்ப ஏறச் சொல்லுங்க."

ஏறினேன். துளி அமுங்கவில்லை. ஸ்பிரிங் வைத்த சைக்கிள்களில் மற்றவர்கள் மிதித்ததில் பாதி குலுங்கலிலேயே வீணாக, என் மிதி முழுவதும் சக்கரத்துக்குப் போனது. (இது இயற்பியல்.) பொட்டலின் ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்பில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனது. (இதுவும் இயற்பியல்.) கடைசிச் சுற்றில் முன்னால் போனவளைத் தாண்டி, முழுதாக ஒரு சைக்கிள் நீளம் முந்திக்கொண்டு கோட்டைத் தொட்டேன். பரிசளிப்பில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நின்றேன். மரியாதை என்று நினைத்து எல்லோரும் பாராட்டினார்கள். மூன்று நாளைக்கு வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன்.

அதன்பிறகு ஒரு முதல் பீரியட்கூட நான் தவறவிட்டதில்லை. சணலை அவிழ்க்கவும் இல்லை. படிப்பு முடிந்து, பரீட்சையில் தேறி, வேலையும் கிடைத்தது. அந்தப் போட்டியைப் பற்றி யார் கேட்டாலும் அம்மா முந்திக்கொள்வார்: "ஓட்டுனது அவ, சுத்துனது நானு."

சில வருஷம் கழித்து வீட்டுக்குப் புது கேஸ் அடுப்பு வந்தது. கூடவே ஒரு கையேடு. பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்தேன். அம்மா அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நீ உக்காரு தாயி. நீ படிச்சீன்னா, பொழுது சாய நான் சிலிண்டர் காத்தையும் புடுங்கிவிட வேண்டியது வரும்."