நிவாரணம் மூன்று

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.
12.08.2004

அன்பு மருமகன் அஸ்வருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமி ஸுஹறாவும் நானும் சுகம். அந்தச் சுகத்தில் ஒரு பங்கு நீர் லண்டனிலிருந்து அனுப்பிய மூச்சு இயந்திரத்தால் வந்தது. எவ்வளவு பங்கு என்பதை ஒழுங்காக அறியத் தருகிறேன். முப்பத்தொரு வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியும் ஒரு திருத்தம்கூடப் போட நேராதவன் நான் என்பதால், இதில் உள்ளதை அப்படியே நம்பலாம்.

நித்திரையில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொக்குகிறது என்று டொக்டர் சொன்னதும், ஒட்டுசுட்டான் வீதியில் நான் மோட்டார் சைக்கிளோடு வயலுக்குள் இறங்கியதும் நீர் அறிந்ததே. அன்றைக்கே மாமி மோட்டார் சைக்கிள் திறப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. “குறட்டை இல்லாமல் ஒருக்கா ஒழுங்கா நித்திரை கொண்டு காட்டுங்கோ, தாறன்” என்றா. சைக்கிள் இல்லாத செய்தியாளன் தன் வீட்டுக் கோழியைப் பற்றித்தான் எழுத முடியும்.

நீர் தமிழில் எழுதி அனுப்பிய குறிப்பின்படி, மூச்சை வெளியே விடும்போது எதிரே வரும் காற்றை இயந்திரம் தணித்துத் தரும். அதற்கு நீர் வைத்த பெயர் ‘அழுத்த நிவாரணம்’. பூச்சியத்திலிருந்து மூன்றுவரை கூட்டலாம். செவ்வாய்க்கிழமை ளுஹர் தொழுகைக்குப் பிறகு, வீட்டில் கரண்ட் இல்லாததால் ஊரவர் சிவராசாவின் உழவு இயந்திரப் பற்றறியில் பூட்டிச் சோதனையைத் தொடங்கினேன். முகமூடி போட்டால் கண்ணாடி போட முடியாது. ஆகவே இலக்கம் பார்த்துப் பொத்தானை அழுத்துவது மாமியின் பொறுப்பு. பூச்சியத்தில் மூச்சு விடுவது சைக்கிள் ரியூப்புக்கு வாயால் காற்றடிப்பது போல. ஒன்றில் கொஞ்சம் இளக்கம். நான் மூச்சு விடப் போகும் கணம் இதற்கு எப்படித் தெரிகிறது? இத்தனை பேரிடம் செய்தி கேட்ட எனக்கே ஒருவர் வாய் திறக்கும் கணம் முன்கூட்டித் தெரிந்ததில்லை.

பிழை அங்கேதான் தொடங்கியது. முகமூடிக்குள்ளால் கத்தித்தான் பேச வேண்டும். “நிவாரணம் காணாது, மூண்டாக் கூட்டும்!” என்றேன். “இண்டைக்கு ரெண்டுதான். மூண்டு நாளைக்கு!” என்று மாமியும் கத்தினா. வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு வடிவம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றிருக்கிறா.

இரண்டில் காற்று பணிவாக நடந்துகொண்டது. மறுநாள் புதன்கிழமை, மூன்றைப் பார்க்கலாமென்று படுக்கப் போனால், வாசலில் இருபத்தேழு பேர், நிவாரண அட்டையும் வெறும் உரப்பையுமாக. முன்னால் ஏரம்பு.

“அன்ஸார் நானா, மூண்டு எண்டா மூண்டு கிழமைக்கோ, மூண்டு மூட்டையோ?”

“ஏரம்பண்ணை, அது காத்து.”

“அரிசி, மா, சீனி குடுத்து முடிஞ்சு இப்ப காத்தோ?”

“பத்திரிகைக்காரர், தெரிஞ்சாலும் சொல்லமாட்டார்” என்றா வடிவம்மா.

நம்பவைக்க வேறு வழி தெரியவில்லை. எல்லோரையும் உள்ளே அழைத்து, முகமூடியைப் போட்டு, “மூண்டு வையும்” என்று படுத்துக் காட்டினேன். காற்று எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. ஒரு மணி நாற்பது நிமிடம் தூங்கியிருக்கிறேன். குறட்டை இல்லை, அதற்கு இருபத்தேழு சாட்சிகள். “மோசம் போனாரோ எண்டு மூச்சுப் பாக்க ரெண்டுதரம் கையைக் கொண்டுபோனனான், மூக்கைக் காணேல்லை” என்றார் ஏரம்பு. போகும்போது அவர் பையை உதறி மடித்த விதம் மட்டும் மனதை உறுத்தியது.

திறப்பு இன்று காலை கைக்கு வந்தது. சோதனையின் முடிவு: மூன்றே எனக்கு உகந்தது, ஒன்று போதவே போதாது.

உமது கைக்கும் தொழிலுக்கும் அல்லாஹ் பரக்கத் தரட்டும். மாமி உமக்கு ஸலாம் சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
மாமா அன்ஸார்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் மாமி வாங்கி வாசித்துச் சிரித்தா. பொத்தானை அவ ஒன்றுக்கு மேலே அழுத்தவே இல்லையாம். செவ்வாயும் ஒன்று, புதனும் ஒன்று. ஏனென்று கேட்டேன். “புத்தளம் முகாமிலை பன்ரெண்டு வருஷம் நிவாரணத்திலை சீவிச்சனாங்கள். கிடைச்ச அண்டைக்கே எல்லாத்தையும் எடுத்து முடிக்கிறதோ? மிச்சம் ரெண்டும் கிடக்கட்டும், பிறகு தேவைப்படும்” என்றா. திறப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆகவே மேலே நிவாரணம் ‘இரண்டு’, ‘மூன்று’ என்று வரும் இடமெல்லாம் ‘ஒன்று’ என்று திருத்தி வாசிக்கவும்.