தயவுசெய்து காத்திருக்கவும்

"இருங்கம்மா, ட்ரம்பெட்காரன் இப்பதான் சூடு பிடிச்சிருக்கான். அதுக்குள்ள ஏன் எடுத்தீங்க?"

லைனில் வந்த குரலைக் கேட்டு மேற்பார்வையாளர் அம்மாள் ஹெட்போனைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினாறு வருஷமாக அவள் வாங்காத திட்டு இல்லை. ஆனால் ஃபோனைச் சீக்கிரம் எடுத்ததற்காகத் திட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

எல்லாம் அவளுடைய ஜாஸ் பைத்தியம் செய்த வேலை. காத்திருப்பவர்களுக்காக லைனில் ஓடிய பழைய மணியோசை, நல்ல மனுஷனுக்கே வெறி பிடிக்க வைக்கும் ரகம். பத்து நாள் முன்னால் அதைத் தூக்கிவிட்டு, காலேஜ் காலத்திலிருந்து உயிராய் வைத்திருந்த ட்ரம்பெட் பாட்டுகளைப் போட்டாள். தக்காளி அழுகிய ஆத்திரத்தில் கூப்பிட்டவர்கள்கூடப் பூனைக்குட்டி மாதிரி பேசினார்கள். அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

ஆனால் ஒருத்தரும் லைனை விட மாட்டேன் என்கிறார்களே!

மேலாளர் வந்து குதித்தார். "முப்பது லைனும் நிரம்பி வழியுது! உங்க ஜாஸ் ரொம்ப ஜாஸ்தியாப் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பாட்டும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க."

அவள் வீடு ஓடுவதே இந்த வேலையில்தான்.

பழசுதானே ஆளை இழுக்கிறது, கரடுமுரடாக ஒரு புதுசைப் போட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தாள். போன வாரம் அப்படி ஒன்று அவளுக்கு அகப்பட்டிருந்தது. பியானோ ஒரு பக்கம் இழுக்கும், ட்ரம்ஸ் இன்னொரு பக்கம் ஓடும். அதைக் கேட்டு அவள் புருஷன், "பாத்திரம் விழுந்துடுச்சா?" என்று சமையலறைக்கு ஓடியிருக்கிறார்.

அதைப் போட்ட மறுநாள் லைனில் வந்த ஒருத்தர் கேட்டார். "அந்தப் பாட்டு பேரு என்னம்மா?"

"சார், உங்க ஃபிரிட்ஜுல என்ன கோளாறு?"

"எங்கிட்ட ஃபிரிட்ஜே கிடையாதே!"

சரி, பாதியில் வெட்டினால் சலித்துப்போவார்கள் என்று, சாக்ஸபோன் உச்சிக்கு ஏறுகிற இடமாகப் பார்த்து வெட்டினாள். லைன் கெட்டுவிட்டதாக நினைத்து எல்லோரும் வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். அழைப்பு இரண்டு மடங்காயிற்று. பாட்டைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று தனியாகப் புகார் வேறு. அன்று மாலையே முழுப் பாட்டையும் திரும்பப் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் மேஜைக்கே வந்தார். "முதலாளி உங்களைப் பார்க்கணுமாம். உடனே போங்க. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல."

நான்கு மாடியும் ஏறும்போது ஒரே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே போனாள்: 'பழைய மணியையே போட்டுடறேன் சார்.' மூன்றாவது மாடியில் நின்றாள். அந்தப் பாழாய்ப்போன மணியைத் தன் கையாலேயே போட வேண்டுமா? போடத்தான் வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலாளி அறைக் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த உதவியாளர் பதறி எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உஷ்! தட்டாதீங்கம்மா, ஐயா முக்கால் மணி நேரமா உங்க லைன்லதான் காத்துக்கிட்டிருக்கார். நடுவுல யாராவது ஃபோனை எடுத்துத் தொலைச்சா, அவங்களுக்கு இன்னியோட வேலை இல்லைன்னு உங்ககிட்ட சொல்லத்தான் கூப்பிட்டார்!"