மண்டை ஓடு இல்லாத தந்திரப் பள்ளி

தந்திரப் பள்ளி நடத்த உரிமம் கேட்டு, தமிழ் நன்றாகப் பேசும் வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி வந்து நின்றதும் உரிம அதிகாரி விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் அறிந்த தந்திரம் சுடுகாடு, மண்டை ஓடு, சூனியம். அதை முடிதிருத்தகங்களின் பிரிவில் சேர்ப்பதா, வெடிமருந்துப் பிரிவிலா? விதிமுறை வாய் திறக்கவில்லை.

தந்திரத்தில் முறைப்படி தீட்சை வாங்கிய மைத்துனனைக் கேட்டார்.

"அதை வெளியில பேசக்கூடாது அத்தான்."

பேசாததைக் கோப்பில் எழுத வழியில்லை. ஆகவே மைத்துனன் நிபுணராகத் தகுதியற்றவன் எனத் தள்ளப்பட்டான்.

நேரடி ஆய்வுக்குத் தனியாகப் போகப் பயம். மனைவியை 'அரசுத் தரப்புச் சாட்சி' ஆக்கிக் கூட்டிப்போனார். அங்கே பளபளத்த தரையில் கணவன்மார்களும் மனைவிமார்களும் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதுவா தந்திரம்?"

"ஆமா சார். ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கணும். உங்க முன்னோர் தந்த ரகசியம். ரெண்டு நாள் முகாம்ல முழுசா கத்துக்கிட்டேன்."

"எங்க தாத்தா பாட்டி நேருக்கு நேர் பார்த்துப் பேசினதே இல்லையேம்மா! சரி, மண்டை ஓடு எங்கே?"

"இல்லையே சார்."

"பலகையில தந்திரம்னு போட்டுட்டு மூச்சு விடச் சொல்றது பொதுமக்களை ஏமாத்துற வேலை. ஒரு மண்டை ஓடு வைங்க, கையெழுத்துப் போடறேன்."

அதற்குள் மனைவி ஒரு திண்டில் அமர்ந்துவிட்டாள். "எதிர்ல வந்து உட்காருங்க."

"நான் பணியில இருக்கேன்."

"ஆய்வுன்னா முழுசா பண்ணுங்க."

உட்கார்ந்தார். பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவளே கேட்டாள்: "இவ்வளவு களைப்பாவா இருக்கீங்க? வீட்டுல சொல்லவே இல்லையே." அதிகாரி மூக்கை உறிஞ்சி, அறையில் தூசி அதிகம் என்று குறித்துக்கொண்டார்.

மறுவாரம் பள்ளி வாசலில் பிளாஸ்டிக் மண்டை ஓடு தொங்கியது. உரிமமும் கிடைத்தது. மூச்சு விட்டவர்கள் பயந்து வராமல் நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் தெருமுனை வரை வேறு கூட்டம் திரண்டது.

அம்மாள் அலுவலகத்துக்கே ஓடி வந்தாள். "சார், கண்ணைப் பார்க்க ஒருத்தரும் வர்றதில்லை. பங்காளியை முடக்கு, மருமகளை அடக்குன்னு கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா, 'பெரிய குருன்னா அப்படித்தான் சொல்வாங்க'ன்னு கும்பிடுறாங்க!"

அதிகாரி கதவைச் சாத்தினார். பதவி உயர்வுக்குக் குறுக்கே நின்ற பக்கத்து அறைக்காரர் ஒருவர் அவருக்கும் உண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அரசு ஊழியருக்குத் தனி வரிசை இருக்காம்மா?"

"இருக்கு சார். அதுதான் ரொம்ப நீளம்."