சிக்ஸ்டன் இடம்பெயர்ந்த செய்தி

பின்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்வீடிஷ் பேசும் நாங்கள் ஒன்றை நம்புவதென்றால், அது 'ஷேர்வாக்தன்' நாளேட்டில் வந்தாக வேண்டும். கப்பல் வரும் நேரத்தையும் இறந்தவர் பெயரையும் அறிவிக்கவே 1897-இல் அது தொடங்கப்பட்டது. கப்பல் எப்போதோ நின்றுபோனது. நாங்கள் சாவதை நிறுத்தவில்லை.

இந்த ஆண்டு நிர்வாகக் குழு பத்திரிகைக்குப் புதிய முகம் வேண்டுமென ஏகமனதாகத் தீர்மானித்து, தலைநகரிலிருந்து பெட்ரா என்ற ஆலோசகரை வரவழைத்தது. அவருடைய நாற்பது பக்க அறிக்கையின் சாரம் இதுதான்: எதிர்மறைச் சொல் எதுவும் அச்சேறக் கூடாது.

அந்த வாரம் பார்த்துத்தானா தீவுக்கார சிக்ஸ்டன் சாக வேண்டும்! அவர் மனைவி குன்வோர் அறிவிப்போடு அலுவலகத்துக்கு வந்தார்.

"ஏம்பா தூரோல்ஃப், 'காலமானார்'னு எழுதிக் குடுத்தா ஏன் கோடு போட்டு அடிக்கிறே?"

ஆசிரியர் தூரோல்ஃப் பெட்ராவைப் பார்த்தார்.

"அது எதிர்மறைம்மா. 'புதிய கட்டத்துக்கு நிரந்தரமாக இடம்பெயர்ந்தார்'னு போடறோம். பேருக்கு மேல போடற கறுப்புச் சிலுவைக்குப் பதிலா ஒரு சூரியன்," என்றார் பெட்ரா.

"சனிக்கிழமை அடக்கம். அதையாவது போடுங்க. எண்பது பேருக்குக் காபி சொல்லியிருக்கேன். நாப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன அனாதையா அனுப்பச் சொல்றீங்களா?"

"அடக்கம் கீழ்நோக்கிய நிகழ்ச்சி. நம்ம பார்வை மேல்நோக்கி."

சூரியனோடு செய்தி வந்தது. எங்கள் குளிரை விட்டு ஓய்வுபெற்றவர் வெயிலுக்காக இடம்பெயர்ந்தால் அது ஸ்பெயின்தான் என்பது எங்களுக்குத் தெரியாதா?

"அவர் செத்துட்டாரும்மா!" என்று கடையில் அழுதார் குன்வோர்.

"உங்களப் பொறுத்தவரை செத்தவர்தான், விடுங்க," என்று தோளைத் தட்டினாள் கடைக்காரி மார்கிட். "கூட யாரு போயிருக்கா?"

இடம்பெயர்வுப் படிவத்தில் சிக்ஸ்டனே நேரில் கையெழுத்திட வேண்டுமென நகராட்சியிலிருந்து கடிதமும் வந்தது. என்னையும் சனிக்கிழமை வரச் சொன்னார் குன்வோர். என் ரம்பத்தைத் திருப்பித் தராமல் ஸ்பெயினுக்கு ஓடியவனுக்காக நான் ஏன் போக வேண்டும்? போகவில்லை. யாருமே போகவில்லை. பாதிரியார், ஆர்கன் வாசிப்பவர், குன்வோர், அப்புறம் எண்பது கோப்பைகள்.

நவம்பரில் முதல் பக்கம் முழுக்கச் சூரியன்: 'ஷேர்வாக்தன் புதிய கட்டத்துக்கு நிரந்தரமாக இடம்பெயர்கிறது.' பக்கங்கள் அதிகமாகப் போகின்றன என்று மகிழ்ந்து தூரோல்ஃபுக்கு கேக் வாங்கிக் கொடுத்தோம். கேக்கைப் பார்த்து அவர் ஏன் அழுதார் என்று எங்களுக்குப் புரியவில்லை. குன்வோர் மட்டும் கறுப்பு உடையில் வந்து வாசலில் மலர்வளையம் வைத்தார். புருஷன் விட்டுப்போனதில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம், என்றோம்.

மறுநாள் காலை பேப்பர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பத்தாவது நாளாக, பனியில், சாலை முனைத் தபால் பெட்டிகளருகே ஊரே நின்றது. குன்வோர் அந்தக் கோப்பைகளோடு வந்து எல்லோருக்கும் காபி ஊற்றினார். எண்பதும் சரியாக இருந்தது.

"அது செத்துப்போச்சுய்யா. குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

"பேப்பர்ல வரட்டும், நம்பறோம்," என்றோம்.