கார்டைச் செருகிய உடும்பும் கண்மூடிய கோட்டானும்

ஒரு காட்டில் இணையம் வந்து சேர்ந்த வருஷத்திலிருந்து, தாகம் எடுத்தால்கூட விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. கோடையில் வற்றாத குளம் அங்கே ஒன்றே ஒன்றுதான். அதில் தண்ணீர் குடிக்க முறை வேண்டுமானால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சிங்கராஜா உத்தரவு போட்டுவிட்டார். பதியாதவர்கள் இரண்டு மலை தாண்டி ஆற்றுக்குப் போய்க் குடிக்கலாம், அதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்று கடைசி வரியில் கருணையோடு சேர்த்திருந்தார்.

தென்கரையில் நாற்பத்து மூன்று குடும்பங்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு மடிக்கணினி. அது மாசிலாமணி என்ற உடும்பின் பொறுப்பில் இருந்தது. ஒன்றைப் பிடித்தால் விடாத பிறவி என்று சொல்லி எல்லோருமாக அதன் தலையில் கட்டிவிட்டார்கள். கணினி பழையது. கட்டற்ற மென்பொருளில் ஓடியது. யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம், உள்ளே என்ன நடக்கிறது என்று நாமே திறந்து பார்க்கலாம் என்பதில் மாசிலாமணிக்கு ரொம்பப் பெருமை. திறந்து பார்த்தபோது ஒன்றுமே புரியவில்லை என்பதை அது யாரிடமும் சொல்லவில்லை.

கணினியில் இணையம் பிடிக்கும் உறுப்புக்குள் எறும்பு குடியேறி வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் பக்கவாட்டில் இருக்கும் இடுக்கில் செருகிக்கொள்ள ஒரு கார்டை ராஜாவின் அலுவலகத்திலிருந்து கொடுத்தனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை காலை மாசிலாமணி அதைச் செருகியது. டக் என்று உள்ளே போனது. கார்டின் நுனியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. உருவிச் செருகியது. ஊதிச் செருகியது. கும்பிட்டுச் செருகியது. கடைசியில் திரையில் ஒரு வரி வந்தது: ‘இந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவும்.’

“இணையம் வர்றதுக்குத்தானடா கார்டு!” என்று மாசிலாமணி கத்தியது. கணினி அதற்கும் அதே வரியைத்தான் காட்டியது.

காட்டு நடுவில் ஓர் ஆலமரம். மென்பொருள் தெரிந்தவர்கள் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். உச்சிக்கிளையில் விருத்தகிரி என்ற கோட்டான். அதற்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பார்கள். மாசிலாமணி கணினியை முதுகில் கட்டிக்கொண்டு போய், அடிமரத்தில் நின்று, வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டது.

“ஐயா, கார்டைச் செருகினா விளக்கு எரியல. என்ன செய்யணும்?”

விருத்தகிரி ஒரு கண்ணைத் திறந்தது. “இதெல்லாம் போன கோடையிலயே கேட்டாச்சு. ஒரு காட்டுப்பன்றி கேட்டுச்சு. அதைத் தேடிப் பாரு” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

மாசிலாமணி அரைநாள் நடந்து காட்டுப்பன்றியைக் கண்டுபிடித்தது.

“ஆமா, கேட்டேன். அப்புறம் சரியாயிடுச்சு” என்றது பன்றி.

“எப்படிச் சரியாச்சு?”

“யாருக்குத் தெரியும்? கோவத்துல மூக்கால ஒரு முட்டு முட்டினேன். வேலை செஞ்சுது.”

மாசிலாமணியும் முட்டிப் பார்த்தது. ‘ழ’ பொத்தான் தெறித்துப் புதரில் விழுந்தது. விளக்கு எரியவில்லை.

புதன்கிழமை மறுபடி ஆலமரம். இந்த முறை மரங்கொத்தி பதில் சொன்னது: “நீ போட்டிருக்கிற மென்பொருள் பதிப்பையே தூக்கிப் போடு. நான் போட்டிருக்கிறதைப் போடு.” பக்கத்துக் கிளையிலிருந்த கொக்குக்கு அது பொறுக்கவில்லை. மரங்கொத்தியின் பதிப்பு பச்சைக்குழந்தைகளுக்கானது என்றது. இரண்டும் மதியம் வரை அடித்துக்கொண்டன. மதியத்துக்கு மேல், இதைக் கட்டற்ற மென்பொருள் என்று சொல்வதா, திறமூல மென்பொருள் என்று சொல்வதா என்று மரமே இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கட்சியும் தன் பக்கம் கையெழுத்துப் போடச் சொல்லி மாசிலாமணியைக் கேட்டன. கார்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

வியாழக்கிழமை மாசிலாமணி கேள்வியை மாற்றி, விவரமாக, எந்த வருஷத்துக் கணினி, எந்தப் பதிப்பு, எந்த இடுக்கு என்று எல்லாம் ஓலையில் எழுதிக்கொண்டு போய்ப் படித்தது. “நீளமா இருக்கு” என்றது விருத்தகிரி, கண்ணைத் திறக்காமலே.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாசிலாமணி ஆலமரத்தடியில் சோர்ந்து கிடந்தது. பிடித்த பிடியை விட்டுவிடலாமா என்று அது பிறந்ததிலிருந்து முதல்முறையாக யோசித்தது. அப்போது பூவாத்தா என்ற மான் மெதுவாக நடந்து வந்தது. நிறைமாதம். இரண்டு மலை தாண்டி ஆற்றுக்குப் போக அதனால் ஆகாது.

“அண்ணே, பதிஞ்சாச்சா?”

“இல்ல பூவாத்தா. இந்த மெஷின் கார்டைக் கண்டுக்கவே மாட்டேங்குது.”

“மேல உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்டக் கேட்டீங்களா?”

“நாலு நாளா அதைத்தாம்மா செய்யறேன்.”

பூவாத்தா அண்ணாந்து பார்த்தது. உச்சிக்கிளையில் கோட்டான் தூங்குவதுபோல இருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லை, வயிற்றில் குட்டி வேறு உதைக்கிறது. மானுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“விடுங்கண்ணே. இந்தக் கட்டற்ற மென்பொருள்ல கார்டெல்லாம் ஓடவே ஓடாதாம். காசு குடுத்து வாங்குற மென்பொருள்லதான் ஓடுமாம். எங்க நாத்தனார் சொன்னா.”

மரத்து உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாரு சொன்னது?”

விருத்தகிரியின் இரண்டு கண்ணும் தட்டு மாதிரி திறந்திருந்தன. பட்டப்பகலில் அது பறந்து இறங்கியதைக் காடு அன்றுதான் பார்த்தது. “ஓடாதா? ஓடாதுன்னு சொன்னது யாரு? கொண்டா அதை!” என்று கணினியைப் பிடுங்கியது. அதற்குள் மரங்கொத்தியும் கொக்கும் ஆளுக்கொரு பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டன. இரண்டும் ஒரே குரலில், “நாத்தனாரைக் கூப்பிடு” என்றன.

“டிரைவர் உள்ளேயே இருக்கு. இறக்கவே வேண்டாம்” என்றது விருத்தகிரி, மூக்கால் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே. “இங்க பாரு. டிரைவரை விழிக்க வைக்கிற வரி இது. இதுக்கு முன்னால வேலி மாதிரி ஒரு குறி நிக்குதா? குறி நின்னா மெஷின் அந்த வரியைப் படிக்காம தாண்டிடும். குறியை எடு. கணினியை அணைச்சுப் போடு. இப்பச் செருகு.”

மாசிலாமணி செருகியது. பச்சை விளக்கு எரிந்தது.

மொத்தமாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மாசிலாமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாலு நாள் வாலைச் சுருட்டிக் கேட்டதற்கு ஒரு கண். நாத்தனார் பேச்சுக்கு இரண்டு கண்ணும் இறக்கையும்! ஆனால் யோசிக்க நேரமில்லை. நாற்பத்து மூன்று குடும்பங்களையும் ஒவ்வொன்றாகப் பதிந்தது. முகவரியில் ‘தென்கரை, ஆலமரம் வழி’ என்பதை எல்லோருக்கும் ‘வலி’ என்றுதான் அடிக்க முடிந்தது. ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது ரசீது வந்தது.

பூவாத்தாவுக்கு மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணி முறை. துணைக்கு மாசிலாமணியும் போனது. குளம் தளும்பிக் கிடந்தது. அந்தக் குளத்தில் ஒரு முதலை உண்டு. உத்தரவில் எல்லோரைப் பற்றியும் எழுதிய ராஜா முதலையைப் பற்றி மட்டும் எழுத மறந்திருந்தார்.

“முதலை இப்ப எந்தப் பக்கம் இருக்கு?” என்று மாசிலாமணி நீர்க்கோழியிடம் கேட்டது.

“எனக்கென்ன தெரியும்? இணையத்துல பாருங்க” என்றது நீர்க்கோழி.

பூவாத்தா தயங்கி நின்றது. மாசிலாமணி கொஞ்சநேரம் தண்ணீரையே பார்த்தது. பிறகு பக்கத்திலிருந்த பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டு உரக்கச் சொன்னது:

“பூவாத்தா, பயப்படாம இறங்கு! இந்தக் குளத்து முதலைக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போச்சாம். பாசியைத் தின்னுதான் பொழுதைப் போக்குதாம்!”

சரியாகப் பாறைக்கு நேர் கீழே தண்ணீர் பிளந்தது.

“யாருடா சொன்னது?”

முதலை வாயை அகலத் திறந்து காட்டியது. மாசிலாமணி கண்ணால் ஜாடை காட்ட, பூவாத்தா சத்தமில்லாமல் எதிர்க்கரைக்கு நடந்தது.

“எல்லாம் இருக்கற மாதிரிதான் தெரியுது. ஆனா மேல்வரிசையில ஆறுதான்னு சொல்றாங்களே?” என்றது மாசிலாமணி பாறையிலிருந்தே.

“ஆறா? எண்ணுடா! ஒண்ணு, ரெண்டு...” முதலை ஆத்திரத்தோடு எண்ண ஆரம்பித்தது. எதிர்க்கரையில் மான் வயிறு முட்டக் குடித்தது. முதலை ஓரக்கண்ணால் அதைப் பார்க்கவும் செய்தது. பார்த்துவிட்டு, “கீழ்வரிசைக்கு வருவோம்” என்றது.

நீதி: தெரியாததைப் பணிவாகக் கேட்காதீர்கள், தெரிந்த மாதிரி தப்பாகச் சொல்லுங்கள். அறிஞரோ முதலையோ, அடுத்தவரைத் திருத்துகிற சுகம் கிடைத்தால் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போடுவார்கள்.