மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் குளிர்ச்சி

தொழில் தெரிந்தவன் சொந்த வீட்டுக் கல்யாணத்தில் வாயைத் திறக்கவே கூடாது. சாப்பிடுவதற்கு மட்டும் திறக்கலாம். எனக்கு இது லேட்டாகத்தான் தெரிந்தது.

என் தங்கை கயல்விழிக்குப் புதுக்கோட்டையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கறம்பக்குடி. மாப்பிள்ளையின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்க சனம் வெக்கை தாங்காதுங்க. ஏசி மண்டபமா பாத்துருங்க." வைகாசி மாதம் வேறு. நியாயமான ஆசைதானே? அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

கல்யாணத்தன்று காலை டிபன் பந்தி முடிகிற நேரத்தில் ஏசி நின்றது. மேனேஜர் ஓடி வந்தார். "சில்லர் ட்ரிப் ஆயிருச்சுங்க. மெக்கானிக் மதுரையில இருந்து வரணும்."

"மதுரை எதுக்குங்க? நான் இருக்கேன்ல?" என்றேன். (திருச்சியில் ஏசி சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்து எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். சில்லர் என்பது தண்ணீரைக் குளிர வைத்துக் குழாய் வழியாகக் கீழே அனுப்பும் பெரிய மெஷின். அந்தத் தண்ணீர்தான் மண்டபத்தைக் குளிர்விக்கிறது. இதில் இரண்டு கம்ப்ரசர்கள். ஒன்றின் மோட்டார் கருகிப்போயிருந்தது, நாற்றமே சொன்னது. அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு மற்றதை மட்டும் போட்டேன். ஓடியது! எனக்கே ஆச்சரியம். ஆனால் ஒற்றைக் கம்ப்ரசர் முழு மண்டபத்துக்கும் போதாது. பாதிக்கு வேண்டுமானால் கொடுக்கலாம்.

எந்தப் பாதிக்கு? பெண் வீட்டுக்காரனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கும் பாதிக்குத்தான். காலையில் மேடையில் நின்று பார்த்தபோது அவர்கள் இடது பக்கம் இருந்தார்கள். குழாய்களில் 'இடது', 'வலது' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. வலது வால்வை இறுக்கி மூடினேன். நம்ம சனம் வேர்த்தால் வேர்க்கட்டும், தங்கச்சி மானம் பிழைத்தது என்று கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தேன்.

நேராக மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனேன். "என்ன மாமா, குளுகுளுன்னு இருக்கா?"

அவர் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். மிகையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பிழிந்தார்.

பின்வரிசை அம்மா ஒருத்தர் சத்தமாகவே சொன்னார். "கேட்டியளா? பொண்ணு வீட்டுக்காரவுக அங்கிட்டு சில்லுன்னு ஒக்காந்திருக்காக. நம்மள வேக வச்சுட்டு நக்கல் வேற!"

திரும்பிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் என் அத்தைகள் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வையைத் தணிக்க இன்னொரு சில்லர் வேண்டும். மேடையில் கயலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓமப்புகை இன்னும் கிளம்பவே இல்லை.

"வேணுமுன்னே செஞ்சியா தம்பி?" என்றார் மாமா. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டார்.

"ஐயோ, இல்ல மாமா! ஒங்களுக்குத்தான் தெறந்து விட்டேன். மேடையில நின்னு பாத்தா நீங்கதானே இடது..."

சொல்லும்போதே விளங்கிவிட்டது. குழாயில் எழுதியவன் வாசலில் நின்று மேடையைப் பார்க்கிற கணக்கில் எழுதியிருக்கிறான். அடப்பாவி! அதையும் மாமாவிடம் உளறிக் கொட்டினேன்.

மாமா மேடையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார். "எல்லாரும் எந்திரிங்கப்பா! தம்பி நமக்குத்தான் தெறந்து விட்டுருக்கு. நாமதான் தப்பான பக்கம் ஒக்காந்துட்டோம்."

மொத்தச் சனமும் எங்கள் பக்கம் வந்தது. பின்வரிசை அம்மா என் பெரிய அத்தையின் நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டும்போது பாதி மண்டபம் காலி. மறு பாதியில் யார் எந்த வீடு என்றே தெரியவில்லை. ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் இன்றும், "என்ன, ஒரு பக்கம் ஆளே இல்ல?" என்பார்கள். கயல் உடனே கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள்.

என் கல்யாணத்துக்கு மாமா கொடுத்த பரிசு இரண்டு பனையோலை விசிறிகள். ஒன்றில் 'இடது' என்றும் மற்றதில் 'வலது' என்றும் பெயிண்டில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் போனால் என் மனைவி வலதை எடுத்துக்கொள்வாள். இடதை என்னிடம் நீட்டும்போது தவறாமல் கேட்பாள்.

"எங்கிட்டு நின்னு பாத்து இடதுங்க?"