டொயோட்டாவில் வலது பக்கம்

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, கார் வாங்குவதென்று பஞ்சநாதன் முடிவு செய்தார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கிறவர். வயது நாற்பத்தைந்து. அதுவரை அவர் வாங்கியதிலேயே பெரிய வாகனம் ஒரு சைக்கிள்தான். அதிலும் காற்று அடிக்கக் கடைப்பையன் வேண்டும்.

“காரா? அம்பாசிடரா?” என்றாள் மனைவி அம்சவள்ளி, மோரை எடுத்து வைத்தபடி.

“அம்பாசிடர் யாருக்கு வேணும்? நான் சொல்றது டொயோட்டா. ஜப்பான் காரு!”

“என்னா ஓட்டா?”

“டொ... யோட்டா!”

“பேர்லயே ஓட்ட இருக்குதே. மழ பேஞ்சா ஒழுவாது?”

பஞ்சநாதன் பல்லைக் கடித்தார். பெரிய விஷயங்களைப் பேசும்போது மோர் ஊற்றுகிற பெண்பிள்ளைகளை அவருக்குப் பிடிக்காது. ஆனால் மோர் பிடிக்கும். குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

இந்தக் கார்க் காய்ச்சல் ஆரம்பித்தது போன வாரம். லப்பைக்குடிக்காட்டு கமாலுதீன் பாய் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். வரும்போது சும்மா வரவில்லை, ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு வாங்கக் கடைக்கு வந்தவர், “ஏறுங்க பஞ்சநாதன், ஒரு ரவுண்டு போவோம்” என்றார். அவ்வளவுதான். ஏறினவர் இறங்கவில்லை. உடம்பு இறங்கிக் கடைக்கு வந்து ஃபுட்வால்வு விற்றது. மனசு இன்னும் அந்த வண்டிக்குள்ளேயே ஏசியில் நடுங்கிக்கொண்டிருந்தது. லீவு முடிந்து கிளம்பும்போது பாய் வண்டியை விற்றுவிட்டுத்தான் போவார், அதைத் தனக்குத்தான் கொடுப்பார் என்று தானே கணக்கும் போட்டுக்கொண்டது.

“பாய் சொல்றாரு, குவைத்து வெயில்ல தார் ரோடே கொழகொழன்னு உருகிக் கெடக்குமாம். இது மாஷா அல்லாஹ் ஒரு நாளும் மக்கர் பண்ணதில்லையாம். சாவியத் திருகுனா போதும், ‘உம்’முனு எந்திரிக்குது. தள்ள வேணாம், எறங்க வேணாம். உள்ள பாட்டுப் பொட்டி வேற!”

“நம்ம வூட்டுல நான் ‘உம்’முனு இருந்தா உங்களுக்குப் புடிக்கல. காரு ‘உம்’முன்னா புடிக்குதாக்கும்.”

“சரித்திரம் தெரியாமப் பேசாத. அந்தக் குடும்பம் மொதல்ல தறி செஞ்ச குடும்பம், தெரியுமா? தானா ஓடுற தறியக் கண்டுபுடிச்சவரு அப்பன். மவன் காரு செய்ய எறங்கினாரு.”

“ஜெயங்கொண்டத்துல இல்லாத தறியா? அங்க ஒருத்தரும் காரு செய்யலயே. ஒழுங்கா துணி நெய்யுறாங்க.”

“குடும்பப் பேரு டொயோடா. காருக்கு டொயோட்டான்னு மாத்தி வச்சாங்க. ஏன்? அவங்க எழுத்துல அப்புடி எழுதுனா எட்டுக் கோடு வருது. எட்டு அவங்களுக்கு ராசி!”

“எட்டு நமக்குச் சனியாச்சுங்களே.”

“ஜப்பானுக்குப் போனா சனியும் சுக்கிரனாயிடுவான்டி!”

இவ்வளவு சரித்திரமும் எதற்கென்று அம்சவள்ளிக்குத் தெரியும். புருஷன் சரித்திரத்தில் ஆரம்பித்தால் பூகோளத்தில்தான் முடிப்பார். கல்லங்குறிச்சியில் அவள் அம்மா சீதனமாகக் கொடுத்த இரண்டு ஏக்கர் கரிசல் இருந்தது. கொத்தமல்லியும் பருத்தியும் மாற்றி மாற்றி விளைகிற மண். வருஷா வருஷம் முதல் மூட்டையைப் பெருமாள் கோயிலில் கொட்டிவிட்டு, மிச்சத்தை அவளே நின்று விற்பாள். பஞ்சநாதனின் கண் அங்கேதான் போய் நின்றது.

“நெலத்த விக்க ஒரு கையெழுத்துப் போட்டீன்னா...”

அம்சவள்ளி எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் அந்த வீட்டில் ரசம் மட்டும்தான் பேசியது. அதுவும் காரமாகப் பேசியது.

நாலாம் நாள் அரியலூரிலிருந்து அவள் அண்ணன் ராசாங்கம் சொல்லி அனுப்பினார். மகளுக்கு விக்கிரமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்த்துக் கை நனைக்கப் போகிறோம், அத்தையும் மாமாவும் அவசியம் வரவேண்டும். சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். சோறு பிடிக்காவிட்டாலும் மாப்பிள்ளை மாறமாட்டார்.

அன்று சாயங்காலம் அம்சவள்ளி கடைக்கே வந்தாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

“ஏங்க, நானும் யோசிச்சுப் பாத்தேன். காரு வாங்குறது கௌரவத்துக்குத்தான?”

“பின்ன?”

“விக்கிரமங்கலத்துக்கு அந்த டொயோட்டாவுலயே போவோம். அங்க ஒருத்தரும் நம்மள முன்னப்பின்ன பாத்ததில்ல. அந்தக் காருனால உங்களுக்கு ஒரு படி மரியாத கூடுச்சின்னா, மறுநாளே நெலத்துக்குக் கையெழுத்துப் போடுறேன். கூடலன்னா அந்தப் பேச்சையே விட்டுடணும்.”

பஞ்சநாதனுக்கு, போல்ட்டு நிறுத்துக்கொண்டிருந்த தராசு கையிலிருந்து நழுவியது. ஏசி போட்ட ஜப்பான் கார் வந்து நிற்கிறது, மரியாதை கூடாதாம்! இந்தப் பந்தயத்தில் தோற்க ஒரு மனுஷனால் முடியுமா?

“பாய்கிட்ட நான் போயி வண்டி கேட்டுட்டு வரேன்” என்று துள்ளினார்.

“நீங்க கடையப் பாருங்க. பாய் வூட்டம்மா எனக்குப் பழக்கம். நானே போயிட்டு வரேன்.”

போய் வந்தாள். வண்டி உண்டு, ஓட்ட பாயின் டிரைவர் சாமிதுரையும் உண்டு என்று சொன்னாள். வரும்போது இரண்டு துணிப் பொட்டலம் வேறு வாங்கி வந்தாள். ஒன்றில் பஞ்சநாதனுக்கு சஃபாரித் துணி. காய்ந்த மண் நிறம். தையல்காரரிடம் நான்கு பை வைக்கச் சொல்லி, தோளில் பட்டி வைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று தைத்து வாங்கினாள்.

“இதப் போட்டா கவர்மெண்ட் ஆளு மாதிரி இருப்பீங்க.”

“இன்னொரு பொட்டலம்?”

“சாமிதுரைக்கு ஒரு வெள்ளச் சட்டையும் சரிக வேட்டியும். நல்ல காரியத்துக்குப் போறோம், டிரைவரு அழுக்குச் சட்டையோட வந்தா நமக்குத்தான கேவலம்?”

எப்பேர்ப்பட்ட மனைவி என்று பஞ்சநாதன் நெகிழ்ந்தே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டொயோட்டா வாசலில் வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. சாமிதுரை வெள்ளையும் சள்ளையுமாக இறங்கினான். ஆறடி உயரம், முறுக்கின மீசை, நெற்றியில் சந்தனம். குவைத்து வண்டிக்கு ஸ்டீரிங் இடது பக்கம். அதனால் அவன் இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கினான். பஞ்சநாதன் பின்கதவைத் திறக்கப் போனார்.

“பின்னாடியா உக்காரப் போறீங்க?” என்றாள் அம்சவள்ளி. “கண்ணாடிக்குள்ள இருட்டுல யாரு கண்ணுக்குத் தெரியும்? முன்னாடி உக்காருங்க. நாலு பேரு பாக்கட்டும். பின்னாடி நான் பழத்தட்டோட உக்காந்துக்கிறேன்.”

நியாயம்தானே? பஞ்சநாதன் முன்னால் ஏறினார். ஸ்டீரிங் இடது பக்கம் என்றால் மிச்சம் இருப்பது வலது பக்கம். அங்கே நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

ஆகா, அந்தப் பயணம்! சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியில் டொயோட்டா வெண்ணெயில் இறங்கின கத்தியாகப் போனது. ரோட்டோரம் நடந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பஞ்சநாதன் கையை ஆட்டினார். அவர்கள் அவரைத் தாண்டி சாமிதுரைக்குக் கும்பிடு போட்டார்கள். ஏதோ பழக்கமான ஆள்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அரியலூர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது டீ விற்கிறவர் ஓடிவந்தார். இடது பக்க ஜன்னலில் குனிந்து, “முதலாளி, டீ சாப்புடுறீங்களா?” என்றார். பிறகு வலது பக்கம் வந்து பஞ்சநாதனிடம், “அண்ணே, மைலேஜ் எவ்ளோ குடுக்குது?” என்றார்.

வண்டியைப் பற்றி ஒருவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டானே! பஞ்சநாதன் தறியில் தொடங்கி எட்டுக்கோடு வரை சொல்லி முடிப்பதற்குள் ரயிலே போய்விட்டது. பின்சீட்டில் அம்சவள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள்.

ராசாங்கம் வகையறா வேனில் வருவதாக ஏற்பாடு. வேன் இன்னும் வரவில்லை. டொயோட்டாதான் விக்கிரமங்கலத்துக்குள் முதலில் நுழைந்தது. மாப்பிள்ளையின் அப்பா கொளஞ்சி, பங்காளிகள் புடைசூழ, கையில் மாலையோடு ஓடிவந்தார். வந்தவர் நேராக இடது பக்கக் கதவுக்குப் போனார். ஊர் உலகத்தில் முதலாளி உட்காருகிற பக்கம் அதுதானே!

“வாங்க மாமா, வாங்க!” என்று சாமிதுரையின் கழுத்தில் மாலையைப் போட்டார். பன்னீர் தெளித்தார்கள். யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி சாமிதுரை ஒரு கும்பிடு போட்டான். வாயைத் திறக்கவில்லை. மீசை மட்டும் சிரித்தது. பழத்தட்டோடு இறங்கிய அம்சவள்ளியைப் பெண்கள் அள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

பஞ்சநாதன் வலது பக்கம் இறங்கி, சஃபாரியை இழுத்துவிட்டு, மாலைக்காகக் கழுத்தை நீட்டினார். நீட்டின கழுத்துக்குப் பதில் வந்தது.

“டிரைவரு, வண்டிய அந்த வேப்பமரத்தடியில போடு. வைக்கப்போர்ல இடிச்சிடாத.”

“நான் டிரைவர் இல்லீங்க!”

“அப்ப காக்கிச் சட்ட எதுக்கு?”

“இது காக்கி இல்ல, சஃபாரி! நான் வண்டியே ஓட்டலீங்க. உள்ள பாருங்க, ஸ்டீரிங்கு அந்தப் பக்கம்ல இருக்கு!”

பங்காளிகள் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம், ஸ்டீரிங் அந்தப் பக்கம்தான் இருந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அடப்பாவி! மொதலாளிய ஓட்டவுட்டுட்டு நீ சொவுசா சாஞ்சிக்கிட்டு வந்தியா? பாவம்யா அந்த மனுஷன், வாயத் தொறக்காம ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு!”

“ஐயோ, அம்சவள்ளியக் கூப்புடுங்க! உள்ள இருக்கா, அம்சவள்ளி!”

“மொதலாளியம்மாவப் பேரு சொல்லிக் கூப்புடுறான் பாரேன்!”

அதற்கு மேல் பேசினால் அடி விழும் என்று தோன்றியதால் பஞ்சநாதன் வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே ஒரு டிராக்டர் டிரைவர் இடம் விட்டு உட்கார்ந்தான். வீட்டு ஜன்னலில் அம்சவள்ளியின் முகம் தெரிந்தது.

“அவரு பசி தாங்க மாட்டாரு. மொதல்ல அவருக்கு எலையப் போடுங்க!” என்று குரல் மட்டும் வந்தது.

இலை வந்தது. வைக்கோல்போரின் நிழலில், தரையில், தண்ணியான சாம்பாரோடு. உள்ளே சாமிதுரைக்கு ஜமுக்காளம் விரித்து வடை பாயசம் நடந்துகொண்டிருந்தது. பஞ்சநாதனுக்கு அழுகை வந்தது. பசியும் வந்தது. பசி ஜெயித்தது. ஆக, அந்தச் சம்பந்தத்துக்கு முதன்முதலில் கை நனைத்த புண்ணியம், பெண்ணின் மாமாவுக்கு டிரைவர் பந்தியில் கிடைத்தது.

அப்போதுதான் வேன் வந்தது. ராசாங்கம் இறங்கினார்.

“மச்சான்! இங்க என்ன பண்றீங்க?”

கொளஞ்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. காலில் விழாத குறை. சாமிதுரையின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, உதறி, பஞ்சநாதன் கழுத்தில் போட்டார்கள். மாலை வாடிப்போயிருந்தது. ஆறடி ஆளுக்குக் கட்டின மாலை அவருக்கு முழங்கால் வரை தொங்கியது.

திரும்பி வரும்போது பஞ்சநாதன் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வண்டி அரியலூரைத் தாண்டியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

“அம்சா, நான் ஒரு முடிவு எடுத்துட்டேன்.”

“சொல்லுங்க.”

“ஜப்பான்காரன் மேல ஒரு கொறையும் இல்ல. தங்கமான வண்டி. ஆனா இடது பக்க ஸ்டீரிங்கு நம்ம சனங்களுக்கு ஒத்துவராது. உங்கம்மா குடுத்த மண்ணு. அத நான் விக்க மாட்டேன். போ!”

“நெசமாவாங்க? நான் கையெழுத்துப் போடத் தயாராத்தான் இருந்தேன்.”

“ஆம்பள ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்!”

அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்டாட்டிக்காக ஒரு டொயோட்டாவையே துறந்த தன் தியாகத்தை நினைத்துப் பஞ்சநாதனுக்கும் கண் கலங்கியது.

மறுநாள் காலையில் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனார். வண்டி வேண்டாம் என்பதைப் பாயின் மனம் நோகாமல் சொல்லவேண்டுமே! பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போய்ச் சொல்லி முடித்தார்.

கமாலுதீன் பாய் முழித்தார். “எந்த வண்டி? அத எம் மருமவனுக்குன்னு முடிவு பண்ணி ரெண்டு ஜும்மா ஆச்சே! உங்க வூட்டம்மா வண்டி கேட்டு வந்தப்பவே சொன்னேனே. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னாங்க.”

பஞ்சநாதன் அப்படியே திண்ணையில் உட்கார்ந்தார்.

“ஆமா, விக்கிரமங்கலத்துல எப்புடி?” பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நான் வந்த புதுசுல எம் மச்சினர வலது பக்கம் உக்கார வச்சு ஒரு நிக்காஹுக்குப் போனேன். அவர டிரைவருன்னு மாட்டுக்கொட்டாயில வச்சு பிரியாணி போட்டுட்டாங்க! அதையும் உங்க வூட்டம்மாகிட்ட சொன்னேன். ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிச்சாங்க!”

பஞ்சநாதன் வீட்டுக்கு வந்தபோது அம்சவள்ளி முறத்தில் கல்லங்குறிச்சி மல்லியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் காரு நமக்கு இல்லன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“அத மட்டும் சொல்லியிருந்தா போதுமே! நான் பேசாம இருந்திருப்பேனே! எதுக்குடி என்னை வைக்கப்போருல உக்கார வச்ச?”

அம்சவள்ளி முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“ஜப்பான்காரன் ஒரே ஒரு காராங்க செஞ்சிருக்கான்?”